வெந்தயத்துக்கு மூன்று மாதக் கெடு

வெறும் வயிற்றில் சர்க்கரை 100 முதல் 125, ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4. ரிப்போர்ட்டில் இந்த எண்கள் வந்தால் ப்ரீடயாபடிஸ், அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. விஷயம் வெளியே தெரிந்த அன்றே சிறுகுறிஞ்சான் பொடி, பாகற்காய்ச் சாறு, பட்டைத் தண்ணீர் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கினால் எது வேலை செய்தது, எது வயிற்றைக் கெடுத்தது என்றே தெரியாது.

முதல் வேலை நடை. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு சென்னையிலிருந்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் உடலுழைப்பையும் சீர்செய்தவர்களிடம் சர்க்கரை நோய் வருவது சுமார் 28 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரையும் ஏறக்குறைய அவ்வளவுதான் சாதித்தது. மூன்று மாதம் நடந்துவிட்டு ஹெச்பிஏ1சி பாருங்கள். எண் இறங்கியிருந்தால் மூலிகையே வேண்டாம்.

இறங்கவில்லை என்றால் வெந்தயம். மற்றவற்றை விட்டு இதைச் சொல்லக் காரணம், ப்ரீடயாபடிஸ் உள்ளவர்களிடமே இந்தியாவில் மூன்று ஆண்டு சோதித்திருக்கிறார்கள், தினம் 10 கிராம் கொடுத்து. சிறிய ஆய்வுதான், ஆனாலும் பலன் தெரிந்தது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், கடலை வகை ஒவ்வாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

இரவு அரை டீஸ்பூன் வெந்தயத்தை அரை டம்ளர் தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் ஒரு விதையை விரலிடுக்கில் நசுக்கினால் வழவழவென்று கோந்து வரும். அந்த நார்ப்பொருள்தான் குடலில் மாவுச்சத்து சர்க்கரையாகிச் சேரும் வேகத்தைக் குறைக்கிறது. தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு விதையைக் கொட்டுகிறவர்கள் மருந்தைத்தான் கொட்டுகிறார்கள். இட்லிக்கு முன் விதையோடு மென்று விழுங்குங்கள். முதல் வாரம் வயிறு கொஞ்சம் உப்பும். பழகியதும் காலையும் மாலையும் ஒவ்வொரு டீஸ்பூன். வியர்வையில் வெந்தய வாசனை வந்தால் பயப்பட வேண்டாம்.

கடையில் விற்கும் கலவைப் பொடி வேண்டாம். மூலிகை என்று விற்ற சிலவற்றில் சர்க்கரை மாத்திரையையே அரைத்துக் கலந்திருந்தது பிடிபட்டிருக்கிறது.

ஹெச்பிஏ1சி காட்டுவது ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை; அந்த அணுவின் ஆயுள் சுமார் 120 நாள். ஆகவே மூன்று மாதம் கழித்து அதே லேபில் மறுபடி ஹெச்பிஏ1சி. 6.5-ஐத் தொட்டிருந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். எண் அசையவே இல்லையா? வெந்தயத்தை அஞ்சறைப் பெட்டிக்கே திருப்பிவிடுங்கள், குழம்பு தாளிக்க ஆகும். நடையை விடாதீர்கள்.