ஓட்டிப் பார்க்காதே, பிரித்துப் பார்!



நம்ம நன்னிலம் பக்கம் நெல் வியாபாரி மூட்டையை அவிழ்த்துக் கொட்டிப் பார்ப்பதில்லை. குத்தூசியால் குத்தி ஒரு கை நெல் எடுப்பார். பதர் எவ்வளவு என்று தெரிந்துவிடும். பென் டிரைவில் வரும் விண்டோஸ் இ.எக்ஸ்.இ. கோப்பையும் இப்படிச் சோதிக்கலாம். அதற்கான குத்தூசி லினக்ஸில் இருக்கிறது.

எதற்கு இந்த வேலை?

2019 அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம், தன் நிர்வாக வேலைக்கான ஒரு கணினியில் தீய நிரல் இருந்தது உண்மை என்று அறிவித்தது. உலையை இயக்கும் கணினிகள் தனியாக இருந்ததால் பாதிப்பில்லை என்றும் சொன்னது. டி-டிராக் எனப்படும் அந்த நிரலின் ஒரு பிரதிக்குள் 'கே.கே.என்.பி.பி.' என்ற எழுத்துகள் அப்படியே கிடந்தன. கூடங்குளம் அணுமின் திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கம்தான் அது! நிரலை ஓட்டாமல், உள்ளே இருப்பதைப் படித்தாலே இவ்வளவு தெரிகிறது.

கருவி

லினக்ஸில் இருந்துகொண்டே விண்டோஸுக்கு நிரல் தயாரிப்பதை 'கிராஸ் கம்பைலேஷன்' என்பார்கள். அதற்கான மின்ஜிடபிள்யூ-டபிள்யூ64 தொகுப்பு இலவசம். இ.எக்ஸ்.இ.யைக் கட்டத் தெரிந்த அந்தத் தொகுப்புக்குப் பிரிக்கவும் தெரியும். பிரிக்கும் கருவியின் பெயர் ஆப்ஜ்டம்ப்.

சோதிக்கும் முறை

1. முதல் இரண்டு பைட்டுகள் 'எம்.இசட்.' என்று இருக்க வேண்டும். எம்.எஸ்.டாஸ் காலத்து மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் முதலெழுத்துகள் இவை. கோப்பின் பெயர் போட்டோ என்று இருந்து உள்ளே எம்.இசட். இருந்தால், உஷார்!

2. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 60-ஆவது இடத்தில் உள்ள 4 பைட்டுகள், 'பி.இ.' தலைப்பு எங்கே தொடங்குகிறது என்று காட்டும். அதை அடுத்து இயந்திர எண் வரும். 014சி என்றால் 32 பிட், 8664 என்றால் 64 பிட்.

3. ஆப்ஜ்டம்ப்புடன் சிறிய 'பி' விருப்பம் கொடுத்தால், கோப்பு எந்தெந்த டி.எல்.எல்.களைக் கேட்கிறது என்ற பட்டியல் வரும். முக்கியமான இடம் இதுதான். கெர்னல்32 அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும். ஆனா, சாதாரண கால்குலேட்டருக்கு நெட்வொர்க் வேலைக்கான டபிள்யூ.எஸ்.2_32 எதற்கு? இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகணும்.

4. 'ஸ்டிரிங்ஸ்' கட்டளை உள்ளே கிடக்கும் சொற்களைக் காட்டும். விண்டோஸ் பல சொற்களை ஓர் எழுத்துக்கு 2 பைட் வீதம் வைக்கும். ஆகவே 'ஈ' விருப்பத்தோடு 'எல்' சேர்த்து இன்னொரு தடவையும் பாருங்க.

எச்சரிக்கை

பகுதிகளின் பெயர் 'யு.பி.எக்ஸ்.0' என்று இருந்தால் கோப்பு சுருக்கிக் கட்டப்பட்டது. உள்ளே இருப்பது முழுசாகத் தெரியாது. பட்டியல் சுத்தமாக இருப்பதாலேயே கோப்பு நல்லது என்று முடிவு கட்டக் கூடாது. வைன் நிறுவிய லினக்ஸில் டபுள் கிளிக் செய்தால் நிரல் ஓடிவிடும், ஜாக்கிரதை.

முடிவுரை

நம்மில் பல பேர் வீட்டில் ஒரே ஒரு கணினிதான். புராஜெக்ட், ரெக்கார்டு எல்லாம் அதில்தான். அது போனால் வருஷ உழைப்பே போச்சு. அடுத்தவர் பென் டிரைவைச் செருகும்போது அஞ்சு நிமிஷம் செலவழிங்க. படித்த பிறகு ஓட்டலாம். ஓட்டிய பிறகு படித்துப் பயனில்லை.



— இரண்டாம் ஆண்டு மாணவன், கணினிப் பொறியியல்