சுமையேற்றிப் பார்த்தல்

வந்தவாசியை அடுத்த தெள்ளார், பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் பாண்டியரை வென்ற களமாக வரலாற்றில் இடம்பெற்ற ஊர். ஆரணிப் பட்டு நெய்யும் வட்டாரத்தைச் சேர்ந்தது. புதுப் பாவு ஏற்றிய நெசவாளர் உடனே உடலையும் முந்தானையையும் தொடங்கிவிடுவதில்லை. சிறிதளவு நெய்து, இழை எங்கேனும் மாறிக் கோக்கப்பட்டுள்ளதா என்று பார்த்த பின்னரே மேற்செல்வார். இன்று பட்டுப் புடவையின் கரைக்கும் முந்தானைக்கும் உரிய வடிவங்கள் கணினியில் வரையப்படுகின்றன. அக்கணினிக்கும் இத்தகைய வெள்ளோட்டம் தேவை.

செயலி, நினைவகம், தாய்ப்பலகை, மின்வழங்கி ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கிப் பொருத்திய கணினி, திரையில் ஒளி வந்தவுடன் நன்றாக இயங்குவதாகவே தோன்றும். ஓய்வாக இருக்கும் செயலிக்குக் குறைந்த மின்சாரமே போதும், வெப்பமும் குறைவு. குறைபாடு வெளிப்படுவது முழுச் சுமையில்தான். கணினி தானே நின்றுவிட்டால்கூடக் கவலையில்லை, பழுது கண்ணுக்குத் தெரிந்துவிடும். நிற்காமல் தவறான விடையைத் தருவதே பெருங்கேடு. நினைவகத்தில் ஓர் இலக்கம் மாறினால், சேமித்த வடிவம் சிதையலாம். அச்சிதைவு பல நாள் கழித்தே தெரியவரலாம்.

8 ஜிபி நினைவகத்தில் ஏறத்தாழ 6,870 கோடி பிட்டுகள் உள்ளன. மெம்டெஸ்ட்86 என்னும் நிரல், இயங்குதளம் தொடங்குமுன்பே அவற்றில் பலவகைக் கோலங்களை எழுதி, மீண்டும் படித்து ஒப்பிடுகிறது. இதனை இரவு முழுதும் ஓடவிடுவர். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்நினைவகத்தை நம்பலாகாது. நினைவகத் தகடுகளை ஒவ்வொன்றாக, ஒரே செருகுவாயில் பொருத்திச் சோதித்தால் பழுது தகட்டிலா, செருகுவாயிலா என்பது புலப்படும்.

செயலிக்குரிய கடுஞ்சோதனை கணிதத்திலிருந்து வந்தது. மிகப்பெரிய பகா எண்களைத் தேடுவதற்காக 1996இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய திட்டத்தின் நிரல் பிரைம்95. பல நாள் நீளும் கணக்கில் ஓரிடத்தில் பிழைத்தாலும் முழு உழைப்பும் வீண். ஆகவே, விடை முன்பே தெரிந்த கணக்குகளைக் கொடுத்து, கணினி தரும் விடையை ஒப்பிடும் சோதனையும் அதில் அமைந்தது. இன்டெல் நிறுவனத்தின் ஸ்கைலேக் செயலிகள் சில நேரங்களில் உறைந்து நிற்பதை இந்நிரலே காட்டிக்கொடுத்தது. 2016 சனவரியில் அந்நிறுவனம் குறையை ஒப்புக்கொண்டு திருத்தம் வழங்கியது. செயலியை வடித்தவர்களின் சோதனையில் தப்பிய குறை, பகா எண் தேடியவர்களிடம் அகப்பட்டது வியப்புக்குரியதே.

திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25 அன்று தொடங்கிவைக்கப்பட்ட பரம் பொருள் மீக்கணினி, நொடிக்கு 838 இலட்சம் கோடிக் கணக்கீடுகள் செய்யும் திறனுடையது. இத்தகைய மீக்கணினிகளின் வேகத்தை அளக்க உலகெங்கும் கையாளப்படும் லின்பேக் சோதனையும், சமன்பாடுகளின் விடையைத் திரும்பப் பொருத்தி அது சரியா என்று பார்க்கிறது. வேகம் மட்டும் அங்கும் போதாது.

இனி வெப்பம். பல செயலிகள் 95 முதல் 100 பாகை செல்சியஸை நெருங்கும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. மின்விசிறி எவ்வளவு சுழன்றாலும் அறையின் காற்றைத்தான் செயலியின்மீது செலுத்த முடியும். குளிரூட்டிய கடையில், 22 பாகையில், முழுச் சுமையோடு 80 பாகை காட்டிய செயலியை எண்ணிப் பார்க்கலாம். வேறுபாடு 58 பாகை. அதே கணினி தெள்ளாரில் தகரக்கூரையின்கீழ் 38 பாகை வெயிலில் இயங்கினால், கணக்கு 96ஐ எட்டிவிடும். கடையில் தேறியது என்னும் சான்று இங்குச் செல்லாது. வெப்பப்பசை சரியாகப் பரவாதிருப்பதும், மின்வழங்கி சுமையில் தளர்வதும் இத்தகைய நாளில்தான் வெளிப்படும்.

எனவே, கணினி எங்கு இயங்கப்போகிறதோ அவ்வறையிலேயே, பெட்டியை மூடி, வெப்பநிலையைக் கவனித்தவாறு சில மணிநேரம் சுமையேற்ற வேண்டும். மார்கழியில் பொருத்திய கணினியாயின், சித்திரையில் மற்றொரு முறை.