கீ பிடிக்காது, டைட் தான் பிடிக்கும்: வீட்டிலேயே கிராங்க் புல்லி மாட்டுவது எப்படி?

போன செமஸ்டர் லீவுல நான் பண்ண ஒரு வேலையும், பண்ண இருந்த ஒரு தப்பும் தான் இந்தக் கட்டுரை. மெக்கானிக்கல் இல்லாதவங்களும் தைரியமா படிக்கலாம். ஒரே ஒரு ஃபார்முலா தான் வரும்.

திருவொற்றியூர்ல எங்க பெரியப்பா வீட்டு வாசல்ல ஒரு பழைய பெட்ரோல் கார் நிக்குது. டைமிங் பெல்ட் மாத்தி வந்த சில மாசத்துல, எஞ்சின் முன்பக்கம் 'டக் டக்'னு சத்தம். பானெட்டைத் திறந்து பார்த்தா, கோட்டம் விழுந்த சைக்கிள் வீல் மாதிரி கிராங்க் புல்லி ஆடிக்கிட்டே சுத்துது. கழட்டினோம். போல்ட்ல டைட்டே இல்ல. உள்ள இருந்த கீ ஒரு பக்கம் நசுங்கித் தேஞ்சு போயிருந்தது. நல்ல வேளை, கிராங்க் ஷாஃப்ட்ல கீ உட்காருற பள்ளம் தப்பிச்சது. அது போயிருந்தா முழு எஞ்சினையும் இறக்கணும்.

புது கீ, புது போல்ட், புது புல்லி வாங்கிட்டு வந்தேன். கையால தள்ளினா புல்லி பாதி தான் உள்ள போச்சு. சரின்னு சுத்தியலை எடுத்தேன். எண்ணூர் பக்கம் ஒரு ஃபேக்டரில ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆன பெரியப்பா பின்னாடி இருந்து குரல் கொடுத்தார்: "இன்னாடா இன்ஜினியரு, தேங்காயா உடைக்கப் போற? கீழ வை அத்த."

ஏன் வேணாம்னு அவர் சொன்னதையும், அப்புறம் நான் கணக்கு போட்டுப் பார்த்ததையும் சேர்த்துச் சொல்றேன்.

புல்லி என்ன வேலை செய்யுது?

கிராங்க் ஷாஃப்ட் முனையில இருக்கிற இந்தப் புல்லி தான் பெல்ட் வழியா ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர் எல்லாத்தையும் சுத்த வைக்குது. பல கார்கள்ல இது டேம்பரும் கூட. உள் வளையத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவுல ரப்பர் இருக்கும். கிராங்க் ஒரே சீரா சுத்துறது இல்ல. நாலு சிலிண்டர் எஞ்சின் 3000 ஆர்பிஎம்ல ஓடும்போது நிமிஷத்துக்கு 6000 தடவை எரிபொருள் எரியுது. ஒவ்வொரு தடவையும் ஷாஃப்ட் கொஞ்சம் முறுக்கி விடுபடும். அந்த அதிர்வை ரப்பர் வாங்கிக்குது.

நம்ம ஏரியாவுக்கும் இதுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1948-ல் அசோக் மோட்டார்ஸ்னு ஆரம்பிச்ச கம்பெனி எண்ணூர்ல முதல்ல அசெம்பிள் பண்ணது லாரி இல்ல, ஆஸ்டின் ஏ40 கார். 1955-ல தான் அது அசோக் லேலண்ட் ஆச்சு. அந்தக் காலத்து கார்களை முன்னாடி ஹேண்டில் போட்டு சுத்தி ஸ்டார்ட் பண்ணுவாங்க இல்லையா? அம்பாசிடர்லயும் அது உண்டு. அந்த ஹேண்டில் போய் மாட்டுற இடம், புல்லியை இறுக்கிப் பிடிக்கிற அதே நட்டு தான்.

ஒரே ஒரு ஃபார்முலா

கிராங்க்ல ஒரு சின்ன கீ இருக்கு, அது தான் புல்லியைச் சுத்த வைக்குதுன்னு நான் நாலு வருஷமா நினைச்சிருந்தேன். தப்பு. கீ புல்லியைச் சரியான கோணத்துல உட்கார வைக்கிறதுக்கு. சுமையைத் தாங்குறது போல்ட் கொடுக்கிற இறுக்கமும், அதனால ரெண்டு முகத்துக்கும் நடுவுல வர்ற உராய்வும்.

முறுக்கு விசை = 0.2 × போல்ட் விட்டம் × இறுக்கு விசை

உதாரணத்துக்கு, 14 மி.மீ. போல்ட்டை 150 நியூட்டன் மீட்டர் டைட் வெச்சா, இறுக்கு விசை சுமார் 53,600 நியூட்டன். அதாவது கிட்டத்தட்ட ஐந்தரை டன் எடை புல்லியை கிராங்க் மேல அழுத்துது! பாதி டைட் வெச்சா அழுத்தமும் பாதி தான். அப்போ ஒவ்வொரு அதிர்வுக்கும் புல்லி துளித்துளியா நகரும், கீ அடி வாங்கும், பள்ளம் அகலமாகும். 1990-91 ஆரம்ப கால மாஸ்டா எம்எக்ஸ்-5 கார்கள்ல இதே பிரச்சினை உலகப் புகழ் பெற்றது. கிராங்க் முனையும் போல்ட்டும் சின்னதா இருந்ததால, பெல்ட் மாத்தும்போது சரியா டைட் வைக்கலன்னா கிராங்க்கே பாழாகும். பிறகு முனையையும் போல்ட்டையும் கம்பெனி பெருசாக்கிச்சு.

இன்னொரு ஆதாரம்: ஃபோர்டின் சிக்மா வகை பெட்ரோல் எஞ்சின்கள்ல புல்லிக்கு கீயே கிடையாது. வெறும் இறுக்கம் தான் பிடிக்குது. அந்த மாதிரி எஞ்சின்ல லாக் டூல் இல்லாம போல்ட்டை லூஸ் பண்ணாலே டைமிங் நகர்ந்துடும். வீட்டுல தொடாதீங்க.

மாட்டும் முறை

1. பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழட்டுங்க. காரை ஜாக்கி மேல மட்டும் நம்பி கீழ போகாதீங்க, ஸ்டாண்ட் வைங்க.

2. கிராங்க் முனை, புல்லி உள்பக்கம், போல்ட் வாஷர் எல்லாத்தையும் சுத்தம் பண்ணுங்க. கடல் காத்துல துரு சீக்கிரம் பிடிக்கும். முகத்துல துரு இருந்தா இறுக்கம் துரு மேல தான் விழும், நாளைக்கு அது உதிர்ந்தா டைட் போயிடும். மெல்லிசா எமரி பேப்பர் போட்டுத் துடைங்க. ஆயில் சீல்ல எமரி படக் கூடாது.

3. கீ பள்ளத்துல முழுசா உட்கார்ந்திருக்கான்னு பாருங்க. புல்லி பள்ளத்தைக் கீயோட நேரா வெச்சு கையால தள்ளுங்க.

4. கடைசி கொஞ்சம் போகலன்னா சுத்தியல் வேணாம். அடி நேரா உள்ள இருக்கிற த்ரஸ்ட் வாஷருக்குப் போகும், டேம்பர் ரப்பர் பிரியும், கீ பின்னாடி நழுவினாலும் தெரியாது. முதல்ல வெளிய எடுத்து எங்க பிடிக்குதுன்னு பாருங்க. என் புல்லில கீ பள்ளத்து ஓரத்துல ஒரு சின்ன பிசிறு. அரம் வெச்சு நாலு இழு, வழுக்கிக்கிட்டுப் போச்சு. டைட்டா அழுத்தி மாட்டுற வகைப் புல்லின்னா அதுக்கான இன்ஸ்டாலர் டூல் தான் சரி.

5. மேனுவல்ல மரையில ஆயில் போடச் சொன்னா மட்டும் போடுங்க. ஆயில் போட்டா அந்த 0.2 குறைஞ்சு 0.15 மாதிரி ஆகும். அதே டைட்டுக்கு இறுக்கு விசை மூணுல ஒரு பங்கு ஏறிடும்.

6. கிராங்க் சுத்தாம இருக்க டாப் கியர் போட்டு, ஒருத்தரை உள்ள உட்கார வெச்சு பிரேக் மிதிக்கச் சொல்லுங்க. டார்க் ரெஞ்ச் வெச்சு உங்க எஞ்சின் மேனுவல்ல உள்ள அளவுக்கு டைட் வைங்க. மேல நான் போட்ட 150 ஒரு உதாரணம் தான். கோணக் கணக்கும் சேர்த்துச் சொன்னா பழைய போல்ட்டைத் திரும்பப் போடாதீங்க, அது ஏற்கனவே இழுபட்டது.

7. கியரை நியூட்ரலுக்கு மாத்தி, ஸ்பேனரால எஞ்சினை அது வழக்கமா சுத்துற பக்கமா ரெண்டு சுத்து சுத்துங்க. எங்கேயும் இடிக்காம, புல்லி ஆடாம இருந்தா பெல்ட் மாட்டி ஸ்டார்ட் பண்ணுங்க.

டார்க் ரெஞ்ச் எங்க கிட்ட இல்ல. பெரியப்பா பழைய ஃப்ரெண்ட் ஒருத்தர்கிட்ட இரவல் வாங்கினார். 'க்ளிக்'னு சத்தம் வந்ததும் நான் இன்னொரு இழு இழுக்கப் போனேன். "போதும்டா. க்ளிக்குன்னா நிறுத்துன்னு அர்த்தம்"னார்.

கடைசியா போல்ட் தலையில இருந்து புல்லி வரைக்கும் வெள்ளை பெயின்ட்ல ஒரே நேர் கோடு போட்டார். போல்ட் லூஸ் ஆனா கோடு ரெண்டா விலகிக் காட்டிக் கொடுத்துடும். இப்போ மாசத்துக்கு ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பார்க்கிறேன். கோடு இன்னும் நேராத்தான் இருக்கு.