அளவு தெரியாத மாத்திரை

அன்புள்ள முகிலனுக்கு,

ஃபென்டனிலை அடியோடு தடைசெய்துவிட்டால் அமெரிக்காவில் இத்தனை சாவுகள் நேராதே என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன், அது எங்கே கொல்கிறது, எங்கே கொல்வதில்லை என்று பார். பெல்ஜியத்தில் பால் யான்சனின் குழு 1960 வாக்கில் உருவாக்கிய வலிநிவாரணி இது. மார்பினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியம் கொண்டது. கொழுப்பில் எளிதாகக் கரைவதால் நரம்பில் ஏற்றிய ஓரிரு நிமிடங்களில் மூளையைப் பிடித்துவிடும். சிறிய டோஸ் என்றால் சீக்கிரமே தணிந்தும் விடும். மயக்க மருத்துவர்களுக்கு இது பிடித்துப்போனதே அதனால்தான். உலகெங்கும் ஆபரேஷன் தியேட்டர்களில் அன்றாடம் புழங்குகிறது. அங்கே மைக்ரோகிராம் கணக்கில் அளந்து கொடுக்கிறார்கள். மூச்சு தளர்ந்தால் தாங்கிப்பிடிக்க ஆளும் கருவியும் அருகிலேயே உண்டு.

தெருவில் இந்த இரண்டும் இல்லை. 2 மில்லிகிராமே உயிரைப் பறிக்கக்கூடும் என்கிறது அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்புத் துறை. தூளுப்பின் சில மணிகள் அளவுதான். கள்ளத்தனமாக மாத்திரை அச்சிடுகிறவன் அதை மாவோடு சீராகக் கலக்க முடியாது. ஒன்றில் ஒன்றுமே இருக்காது, அடுத்ததில் எமன் இருப்பான். 2016-இல் இறந்த பாடகர் பிரின்ஸ், விக்கோடின் என்ற வலிநிவாரணி என்று நம்பி விழுங்கியது ஃபென்டனில் கலந்த போலி மாத்திரை என்ற முடிவுக்கு விசாரணை அதிகாரிகள் வந்தார்கள். 2022-இல் மட்டும் அமெரிக்காவில் 70,000-க்கும் மேற்பட்ட சாவுகளில் ஃபென்டனில் போன்ற செயற்கை ஓபியாய்டுகள் (அபின் வகை மருந்துகள்) சம்பந்தப்பட்டிருந்தன. 'ஒரே ஒரு தடவைதானே' என்ற வாதம் இங்கே எடுபடாது. பழகியவனுக்கும் பாதுகாப்பு இல்லை: கிறக்கம் குறையக் குறைய டோஸை ஏற்றுகிறான்; மூச்சை அடக்கும் விளைவோ அதே அளவுக்குக் குறைவதில்லை. ஓபியாய்டை முறிக்கும் நாலாக்ஸோன் என்ற மருந்தை உடனே கொடுத்தால் மீட்கலாம். அதன் வேலை முடிந்ததும் மூச்சு மறுபடி தளரலாம் என்பதால் ஆஸ்பத்திரிக்குப் போயே தீர வேண்டும்.

ஆகவே தடையா? இந்தியா ஏறக்குறைய அப்படிச் செய்து பார்த்தது. 1985-இன் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில் மருத்துவமனைகள் மார்பின் வைத்திருக்கவே தயங்கின. புற்றுநோயாளிகள் வலியில் துடித்தார்கள். போதைக்காரர்கள் வேறு சரக்கைத் தேடிக்கொண்டார்கள். 2014-இல் சட்டத்தைத் திருத்தி, ஃபென்டனில் உள்ளிட்ட அத்தியாவசிய மருந்துகளுக்கு வழிவிட்டார்கள். தாமதமான நல்ல வேலை. வீரியத்தைப் பழிப்பதைவிட, யார் அளக்கிறார்கள், யார் கண்காணிக்கிறார்கள் என்று கேட்பதுதான் பயனுள்ளது. வீட்டில் யாரேனும் வலிக்காகத் தோலில் ஃபென்டனில் பட்டை ஒட்டியிருந்தால் இந்தக் கேள்வி உனக்கும் வரும்: 72 மணி நேரம் கழித்துக் கழற்றிய பட்டையிலும் குழந்தையைக் கொல்லப் போதுமான மருந்து மிஞ்சியிருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, மருந்தகத்திலோ ஆஸ்பத்திரியிலோ கேட்டு ஒப்படைத்துவிடு.

அன்புடன்,
மாமா