பேட்ரிக் திருநாளில் பூட்டிக் கிடந்த மதுக்கடைகள்

கேள்வி: டப்ளினில் ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியராக இருக்கிறேன். மார்ச் 17, புனித பேட்ரிக் திருநாளன்று ஊரில் எங்கு பார்த்தாலும் பச்சைத் தொப்பியும் பீர் கோப்பையுமாகக் கூட்டம். ஆனால் நான் கவனித்துக்கொள்ளும் பெரியவர், எண்பத்தைந்தைத் தாண்டியவர், சொந்த ஊர் கார்க், வேறு கதை சொல்கிறார். “எங்கள் காலத்தில் அன்றைக்கு ஒரு சொட்டுக் கிடைக்காது. காலையில் பூசை, மத்தியானம் விளையாட்டு, பிள்ளைகளுக்கு மிட்டாய், அவ்வளவுதான்” என்கிறார். அவருக்கு நினைவு தடுமாறுகிறதா, திருநாளே மாறிவிட்டதா?
— ஒரு வாசகி, டப்ளின்

பதில்: பெரியவரின் நினைவில் எந்தத் தடுமாற்றமும் இல்லை, அம்மா. அவர் சொன்னது சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. 1920களில், புதிதாக அமைந்த ஐரிஷ் சுதந்திர அரசு, கிறிஸ்துமஸ், புனித வெள்ளி, பேட்ரிக் திருநாள் ஆகிய மூன்று நாட்களும் மதுக்கடைகளைப் பூட்டச் சொன்னது. பேட்ரிக் திருநாளுக்கு அந்தப் பூட்டு 1960-ல் சட்டம் திருத்தப்படும்வரை தொங்கியது. அவருடைய பள்ளிப் பருவம் முழுவதும் அதற்குள் வந்துவிடுகிறது.

டப்ளினில் இதற்குப் பேர்போன ஒரு விதிவிலக்கு உண்டு. பால்ஸ்பிரிட்ஜ் பகுதியில் ராயல் டப்ளின் சொசைட்டி வளாகத்தில் நடந்த நாய்க் கண்காட்சியில் அன்று மது பரிமாற அனுமதி இருந்தது. வீட்டில் நாயே இல்லாதவர்களுக்கும் அன்றைக்கு நாய்களின் மேல் திடீர்ப் பாசம் வந்துவிடும். பழைய டப்ளின்காரர் யாரிடமாவது கேட்டுப்பாருங்கள், முகம் மலர்ந்து இதைத்தான் முதலில் சொல்வார்.

இதைக் கேட்டதும் பலரும் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஆதியிலிருந்தே இது சுத்தமான பக்தித் திருநாள், பின்னால் வந்தவர்கள் குடித்துக் கெடுத்துவிட்டார்கள் என்று. அது சரியில்லை. 1681-ல் அயர்லாந்தைச் சுற்றிப் பார்த்த தாமஸ் டைன்லி என்ற ஆங்கிலேயர் இந்த நாளைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். எல்லாத் தரத்து மக்களும் தொப்பியில் சிலுவை குத்திக்கொள்கிறார்கள், எளியவர்கள் சாம்ராக் அணிகிறார்கள், இரவில் நிதானத்தோடு இருப்பவர்கள் மிகச் சிலரே என்கிறார். (சாம்ராக் என்பது மூன்று இலை கொண்ட சிறு தீவனச் செடிவகை, அயர்லாந்தின் அடையாளம்.) ஆக, குடியும் பழையதுதான், பக்தியும் பழையதுதான். நடுவில் வந்த வறண்ட காலம்தான் புதிது, அதுவும் திட்டமிட்டு உண்டாக்கியது.

யார் உண்டாக்கினார்கள்? பாதிரியார்கள் என்று நினைப்பீர்கள். அவர்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் முன்னால் நின்றவர்களில் முக்கியமானது கேலிக் லீக், அதாவது ஐரிஷ் மொழியை மீட்பதற்காக 1893-ல் தொடங்கிய இயக்கம். ஆங்கிலப் பத்திரிகைக் கேலிச் சித்திரங்களில் ஐரிஷ்காரன் என்றாலே குடிகாரன். நாட்டின் காவல் புனிதர் நாளில் தெருவில் தள்ளாடுவது அந்தச் சித்திரத்துக்கு நாமே சாட்சி சொல்வதுபோல் ஆகும் என்று லீக்கினர் கொதித்தார்கள். 1903-ல் ஜேம்ஸ் ஒமாரா என்ற ஐரிஷ் உறுப்பினரின் முயற்சியால் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இந்த நாளைப் பொது விடுமுறையாக்கியது. விடுமுறை கிடைத்தால் கூடவே குடியும் பெருகுமே! ஆகவே கடைகளை மூடும்படி லீக் கடைக்காரர்களிடம் வலியுறுத்தியது. சுதந்திரம் வந்தபின் அந்த வேண்டுகோள் சட்டமாயிற்று. அது சுயமரியாதையிலிருந்து பிறந்த தடை என்றே நான் நினைக்கிறேன். பெரியவர் அதைக் குறையாக அல்லாமல் கொஞ்சம் பெருமையோடு சொல்லியிருந்தால் வியப்பில்லை.

மிட்டாய் விஷயத்துக்கு வருவோம். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்துக்குள்தான் மார்ச் 17 எப்போதும் வரும். பிள்ளைகள் தவக்காலத்துக்கு இனிப்பை விட்டுவிடுவதாக நேர்ந்துகொள்வார்கள்; இந்த ஒரு நாள் மட்டும் விலக்கு. வாரக்கணக்கில் வாயைக் கட்டியவனுக்கு அன்று கிடைத்த சாக்லெட்டை எண்பது வயதிலும் மறக்க முடியுமா?

காலைப் பூசைக்குப் போகுமுன் வீட்டில் நடந்ததையும் அவரிடம் கேளுங்கள். வயல் ஓரத்தில் வேரோடு பிடுங்கிவந்த சாம்ராக்கை, மண்ணை உதறிவிட்டு, கோட்டின் இடப்பக்கம் ஊசியால் குத்துவார்கள். கார்க்கில் நான் தங்கியிருந்த வீட்டு அம்மாள் அதைக் கடைசிவரை கடையில் வாங்கியதே இல்லை. ஈரம் சொட்டச் சொட்ட, சட்டையில் பச்சைக் கறை படியும் அளவுக்கு ஒரு கொத்தாகக் குத்திவிடுவார். சிறுமிகளுக்குப் பச்சை நாடாவும் யாழ் சின்னமும் வைத்த பட்டை. அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்ட பிள்ளைகளுக்கு முந்தின வாரமே சாம்ராக் ஈரப் பாசி சுற்றிச் சிறு பெட்டியில் தபாலில் போகும். போய்ச் சேரும்போது வாடித்தான் இருக்கும். வாடியதையே அங்கே சட்டையில் குத்திக்கொண்டார்கள்.

நீங்கள் பார்க்கும் ஆரவாரத்தின் வேர், அப்படித் தபால் வாங்கியவர்களின் ஊர்களில் இருக்கிறது. நியூயார்க்கில் 1762-லேயே ஊர்வலம் தொடங்கிவிட்டது. அன்று நடந்தவர்கள் பிரிட்டிஷ் படையில் இருந்த ஐரிஷ் சிப்பாய்கள். 1840களின் பெரும் பஞ்சத்துக்குப் பிறகு லட்சக்கணக்கில் வந்திறங்கியவர்களை அமெரிக்காவில் பலர் வெறுத்தார்கள். வருடத்தில் ஒரு நாள் பெரிய வீதியில் திரண்டு நடப்பது, ‘நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோம்’ என்று அவர்களுக்குக் காட்டும் வழி. தாய்நாட்டில் அப்படிக் காட்டவேண்டிய தேவை இருக்கவில்லை. டப்ளினில் 1950களில் நடந்தது ஒரு தொழில் ஊர்வலம்; கம்பெனிகள் தங்கள் சரக்கை லாரிகளில் ஏற்றி, மார்ச் மாதக் குளிர்காற்றில் வரிசையாக ஓட்டிப்போவார்கள். சிகாகோவில் ஆற்றையே பச்சையாக்கும் வழக்கம் 1962-ல் வந்தது. கழிவுநீர் எங்கே கலக்கிறது என்று கண்டுபிடிக்க பிளம்பர்கள் வைத்திருந்த சாயம்தான் அதற்கு உதவியது.

பிறகு அந்தப் பகட்டு மெல்ல அயர்லாந்துக்குத் திரும்பிவந்தது. அமெரிக்க வாத்தியக் குழுக்கள் டப்ளின் வீதியில் நடந்தன. அமெரிக்காவில் இவ்வளவு நடக்கும்போது தலைநகரில் ஏன் கூடாது என்று அரசே யோசித்து, உலகப் பயணிகளை ஈர்க்கும் திருவிழாவாக 1996-ல் புதிதாகத் தொடங்கியது. நீங்கள் டப்ளினில் பார்ப்பது அதன் வளர்ச்சி. திருச்சபை தன் கணக்கைத் தனியாகத்தான் வைத்திருக்கிறது. 2008-ல் மார்ச் 17 ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்துக்குள் விழுந்துவிட, அது தன் விழாவை 15-ஆம் தேதிக்கு மாற்றிக்கொண்டது. ஊர்வலம் 17-லேயே நடந்தது.

பெரியவர் சொன்ன மத்தியான விளையாட்டு பெரும்பாலும் ரயில்வே கோப்பையாக இருக்கும். நான்கு மாகாண அணிகள் மோதிய போட்டி அது, 1927-ல் தொடங்கியது. இறுதி ஆட்டம் அந்தக் காலத்தில் இந்த நாளில் டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் நடந்துவந்தது. மட்டையால் பந்தடிக்கும் ஹர்லிங் ஆட்டத்தில் கார்க்கின் கிறிஸ்டி ரிங், மன்ஸ்டர் மாகாணத்துக்காக ஆடி 18 ரயில்வே கோப்பைப் பதக்கங்கள் வென்றவர். அடுத்த முறை மருந்து கொடுக்கப் போகும்போது அந்தப் பெயரைச் சொல்லிப்பாருங்கள். கொஞ்சம் நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள். கார்க்காரர்கள் ரிங்கைப் பற்றிச் சுருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை.