குப்பைக்கும் ஜல்லிக்கும் கணக்கு



இருப்பு எவ்வளவு, எந்த மண்டியிலிருந்து எவ்வளவு வரவேண்டும், வந்த சரக்கு எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று பார்க்காமல் நாம் யாரும் கடை நடத்துவதில்லை. இதே கணக்கை ஓர் ஊர் நிர்வாகமும் எழுதியாக வேண்டும். ஊரை விட்டு வெளியே போவது குப்பை. ஊருக்குள் வருவது மணலும் ஜல்லியும். இரண்டுமே பெரும்பாலும் பக்கத்து நிர்வாகத்தின் எல்லையைத் தாண்டித்தான் போய் வருகின்றன. இங்கிலாந்தில் இந்தக் கணக்கை எப்படி எழுதுகிறார்கள் என்பதே இன்றைய பாடம்.

1. சிக்கல் எங்கே?

லண்டன் மாநகரில் கருங்கல் கிடையாது. மேற்கே சோமர்செட் பகுதியில் உள்ள மெண்டிப் குன்றுகளில் உடைத்த ஜல்லி ரயிலில் வந்து இறங்குகிறது. கடலடியில் தோண்டிய மணல் தேம்ஸ் ஆற்றுத் துறைகளுக்குக் கப்பலில் வருகிறது. லண்டன் குப்பையோ நெடுங்காலம் அதே ஆற்றில் படகேறி, எசெக்ஸ் பகுதியின் மக்கிங் என்னும் இடத்துப் பள்ளத்துக்குப் போயிற்று. அந்தக் கிடங்கு மூடப்பட்டுவிட்டது. இன்று அங்கே இயற்கைப் பூங்கா இருக்கிறது. குப்பை மட்டும் நிற்கவில்லை. வாங்குகிறவர் கதவைச் சாத்தினால் அனுப்புகிறவர் என்ன செய்வார்? அதை முன்கூட்டியே யோசிப்பதுதான் திட்டம்.

2. இருப்புக் கணக்கு

2012-ல் வெளியான தேசியத் திட்டக் கொள்கை, கனிமத்துக்குப் பொறுப்பான ஒவ்வொரு நிர்வாகமும் ஆண்டுதோறும் இருப்புக் கணக்கு எடுக்க வேண்டும் என்றது. கடந்த 10 ஆண்டு விற்பனையின் சராசரியே அதற்கு அடிப்படை. மணல், சரளைக்குக் குறைந்தது 7 ஆண்டு இருப்பு. உடைத்த கல்லுக்குக் குறைந்தது 10 ஆண்டு இருப்பு. இருப்பு என்றால் குவித்து வைத்த சரக்கு அல்ல. தோண்ட அனுமதி பெற்று மண்ணுக்குள் இருக்கும் அளவு.

உதாரணம் ஒன்று பாருங்கள். ஒரு பகுதியில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் மணல் விற்கிறது. அனுமதி பெற்ற இருப்பு 40 லட்சம் டன். 8 ஆண்டுக்குக் காணும், கவலையில்லை. ஆனால் பக்கத்துப் பகுதியின் குவாரி மூடப்பட்டு, அங்கே வாங்கியவர்கள் 3 லட்சம் டன்னுக்கு இங்கே வருகிறார்கள். தேவை 8 லட்சம் ஆகிறது. அதே இருப்பு 5 ஆண்டுக்குத்தான் வரும். தன் பேரேட்டை மட்டும் பார்த்தவருக்கு இது தெரிந்திருக்காது. புதிய குவாரிக்கு இடம் பார்த்து, அனுமதி வாங்கி, முதல் லோடு வெளியே வரப் பல ஆண்டுகள் ஆகும்.

3. பக்கத்து ஊருக்குக் கடிதம்

ஆகவே திட்ட அலுவலர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக் கேட்கிறார்கள். ‘எங்கள் குப்பை இவ்வளவு உங்களிடம் வருகிறது, உங்கள் கிடங்கின் அனுமதி எந்த ஆண்டு முடிகிறது? அதற்குப் பிறகும் வாங்குவீர்களா?’ எங்கிருந்து எவ்வளவு வந்தது என்பதை உரிமம் பெற்ற கிடங்குகள் சுற்றுச்சூழல் முகமையிடம் கணக்குக் கொடுக்கின்றன. அந்தப் புள்ளிவிவரம்தான் கடிதத்துக்கு ஆதாரம்.

2011-ம் ஆண்டுச் சட்டம் இப்படிக் கலந்து பேசுவதைக் கடமையாக்கியது. பேசியதற்குச் சான்று இல்லாவிட்டால் திட்டமே நிராகரிக்கப்படலாம் என்ற நிலை இருந்தது. 2023-ல் வந்த சட்டம் அந்தக் கடமையை நீக்க வழிசெய்தது. ஆனாலும் தேவை போய்விடவில்லை. லாரி எல்லைக்கோட்டைப் பார்த்தா ஓடுகிறது?

4. கடைக்காரருக்கு இதில் என்ன?

அங்கே கடைக் குப்பைக்குக் கடைக்காரரே பணம் கட்டி ஆள் வைக்க வேண்டும். யாரிடம் ஒப்படைத்தோம் என்ற சீட்டை 2 ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும். மண்ணில் புதைக்கும் குப்பைக்கு 1996-ல் வரி வந்தபோது டன்னுக்கு 7 பவுண்டு. 2025 ஏப்ரலில் அது 126 பவுண்டு 15 பென்ஸ் ஆனது. இந்த வரியும், தொலைவான கிடங்குக்குப் போகும் லாரி வாடகையும் கடைசியில் யார் தலையில் விழும்? குப்பை எடுப்பவரின் பில்லில் ஏறி, நம்மைப் போன்ற சிறு கடைக்காரர் கல்லாவில்தான் கைவைக்கும். மணல் விலை ஏறினால் கடை கட்டுகிற செலவும் ஏறும். நிர்வாகங்கள் பேசிக்கொள்ளாததற்கு அபராதம் கட்டுகிறவர் வியாபாரி.

5. பயிற்சி

இந்த வாரம் ஒரு தாளில் மூன்று கேள்விக்கு விடை எழுதுங்கள். நம் கடையில் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ குப்பை சேருகிறது? அது எந்த ஊரில் போய்ச் சேருகிறது? அந்த இடம் மூடப்பட்டால் அடுத்த இடம் எது? மூன்றாவது கேள்விக்கு விடை தெரியாவிட்டால் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். நிர்வாகத்திடம் சங்கம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவேதான்.

வரவு எழுதுகிற கையே செலவும் எழுத வேண்டும். உள்ளே வருவதைப் போல வெளியே போவதையும் எண்ணிப் பார்ப்போம்!