நூறடித் தொலைவு

சாலையின் ஒரு பக்கம் பிரெஞ்சு உணவகம். எதிர்ப்பக்கம் இந்திய உணவகம். இடையே நூறடித் தொலைவுதான். 2014ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி ஹண்ட்ரட் ஃபுட் ஜர்னி’ திரைப்படத்தின் களம் இதுவே. இதற்கு இசையமைத்தவர் ஏ. ஆர். ரகுமான்.

மும்பையில் கலவரக் கும்பல் வைத்த தீயில் தாயையும் உணவகத்தையும் இழந்த குடும்பம் ஒன்று, தெற்குப் பிரான்சின் சிற்றூரில் புதிய உணவகத்தைத் திறக்கிறது. எதிர் உணவகத்தின் உரிமையாளர் மல்லோரி அம்மையார் அதை விரும்பவில்லை. அவர்களுக்குத் தேவையான பொருள்களைச் சந்தையில் முந்திக்கொண்டு வாங்கிவிடுகிறார். குடும்பத் தலைவரும் விட்டுக்கொடுக்கவில்லை. போட்டி பகையாக மாறுகிறது. ஓர் இரவு, மல்லோரியின் சமையற்காரரே இந்திய உணவகத்துக்குத் தீ வைக்கிறார். மகன் ஹசனின் கைகள் தீப்புண்ணாகின்றன.

மல்லோரி அந்தச் சமையற்காரரை வேலையிலிருந்து நீக்குகிறார். மதிலில் எழுதப்பட்டிருந்த வெறுப்பு வாசகத்தைத் தம் கைகளாலேயே தேய்த்து அழிக்கிறார். பின்னர், காயம்பட்ட ஹசன் சொல்லச் சொல்ல, மசாலைப் பொருள்கள் சேர்த்து முட்டை ஆம்லெட் செய்கிறார். அதைச் சுவைத்ததும் ஹசனின் திறமை அவருக்குப் புரிகிறது. தம் சமையலறையிலேயே அவனுக்கு இடமளிக்கிறார்.

நூறடியைக் கடக்கச் சில நொடிகள் போதும். மனத்தொலைவைக் கடப்பதுதான் கடினம். இரு வீட்டாரையும் இணைத்தது சுவை மட்டுமன்று. மதிலைத் துடைக்க முன்வந்த கைகளே முதல் அடியை எடுத்து வைத்தன.